மலைநகரங்களுக்கு எத்தனை பேர் போகலாம்? முடிவை நீதிமன்றங்களிடம் தள்ளும் அரசுகள்

புது தில்லி: கோடை விடுமுறை தொடங்கியதும் தலைநகரிலிருந்து வடக்கே செல்லும் சாலைகளில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. சிம்லா, மணாலி, முசூரி, நைனிடால் ஆகிய மலைவாசஸ்தலங்களில் சில நாள்களைக் கழித்து வர நடுத்தர வர்க்கத்தினர் விரும்புவது இயல்பே. அந்த ஊர்களின் குடிநீருக்கும் நிலத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை எந்த அரசியல் கட்சியும் மறுக்கவில்லை. ஆயினும், அந்த எல்லையை வகுக்கும் பொறுப்பை மத்திய அரசும் மாநில அரசுகளும் ஏற்கத் தயங்குகின்றன. அதன் விளைவாக, மலைக்கு எத்தனை வாகனங்கள் ஏறலாம், எத்தனை மாடிகள் கட்டலாம் என்பன போன்ற நிர்வாக முடிவுகள் நீதிமன்றங்களின் வாசலில் வந்து நிற்கின்றன.

2025 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் விடுத்த எச்சரிக்கை இதன் அண்மைக்கால அடையாளம். சிம்லாவில் உள்ள தாரா மாதா குன்றைப் பசுமைப் பகுதியாக அறிவித்த மாநில அரசின் அறிவிக்கையை எதிர்த்து ஒரு தனியார் விடுதி நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தது. அதைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, இப்போதைய போக்கு நீடித்தால் இமாசலப் பிரதேசம் முழுவதுமே காணாமல் போகும் நாள் தொலைவில் இல்லை என்று கவலை தெரிவித்தது. சுற்றுச்சூழலைப் பலி கொடுத்து வருவாய் ஈட்டக் கூடாது என்றும் கூறிய அமர்வு, இவ்விவகாரத்தைப் பொதுநல வழக்காகப் பதிவு செய்ய உத்தரவிட்டது.

தண்ணீருக்குத் தவித்த சிம்லா: இந்தக் கவலை புதிதல்ல. ஆங்கிலேயர்கள் 1864இல் கோடைக்காலத் தலைநகராக்கிய சிம்லா, ஏறத்தாழ 25 ஆயிரம் பேருக்கென உருவான ஊர் என்று சொல்லப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் சுமார் 1.70 லட்சம் பேர். சுற்றுலாப் பயணிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

2018 மே மாத இறுதியில் இந்தச் சுமை வெளிப்படையாகத் தெரிந்தது. குளிர்காலத்தில் பனிப்பொழிவு குறைந்ததால் நீராதாரங்கள் வற்றின. நாளொன்றுக்கு சுமார் 4.5 கோடி லிட்டர் தேவைப்படும் நகரத்துக்கு அதில் பாதியளவே கிடைத்தது. மக்கள் குடங்களுடன் நள்ளிரவிலும் வரிசையில் நின்றனர். சாலை மறியல்கள் நடந்தன. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. சிம்லாவுக்கு வர வேண்டாம் என்று உள்ளூர் மக்களே பயணிகளைக் கேட்டுக்கொண்டனர். மாநில உயர் நீதிமன்றம் தலையிட்டு, கட்டுமானப் பணிகளுக்கும் வாகனங்களைக் கழுவுவதற்கும் ஒரு வாரம் தடை விதித்தது. ஆளுநர், முதல்வர் தவிர அமைச்சர்கள், நீதிபதிகள் உள்பட வேறு யாருக்கும் தனியாக லாரித் தண்ணீர் வழங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. குடிநீர் விநியோகத்தை ஓர் உயர் நீதிமன்றம் நேரடியாகக் கண்காணிக்க வேண்டிய அளவுக்கு நிர்வாகம் நிலைகுலைந்திருந்தது.

இதற்கு முன்பே, 2015-16 குளிர்காலத்தில், கழிவுநீர் கலந்த அஸ்வனி ஓடையின் நீரைக் குடித்ததால் சிம்லாவில் மஞ்சள் காமாலை பரவியது. நகரின் எதிர்காலத் தேவைக்கு, சட்லெஜ் நதியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவரும் திட்டம் உலக வங்கிக் கடனுதவியுடன் வகுக்கப்பட்டது. தண்ணீர் கூடுதலாக வந்தால் விடுதிகளும் கூடுதலாகும். அப்போது கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது 2015-16 அனுபவம் தந்த பாடம்.

கட்டடங்களும் தீர்ப்புகளும்: கட்டுமானங்களின் கதையும் இதுவே. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 நவம்பர் 16 அன்று, சிம்லாவின் மையப் பகுதியிலும் பசுமைப் பகுதிகளிலும் புதிய கட்டடங்களுக்குத் தடை விதித்தது. ஏனைய திட்டப் பகுதிகளில் இரண்டு தளங்களும் அவற்றின் மேல் ஒரு பரணும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அனுமதியின்றிக் கட்டப்பட்ட கட்டடங்களை வரன்முறைப்படுத்த மாநில சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தத்தை, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதாவது, மாநிலத்தின் மக்கள் பிரதிநிதிகள் சட்டமியற்ற முனைந்தபோது, விதிமீறலைத் தடுப்பதற்காக அல்லாமல் மன்னிப்பதற்காகவே முனைந்தனர்.

அதன் விலையை ஓர் அதிகாரி தம் உயிரால் கொடுத்தார். கசௌலியில் 13 விடுதிகளின் சட்டவிரோதக் கட்டுமானங்களை இடிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதை நிறைவேற்றச் சென்ற நகரமைப்புத் துறைப் பெண் அதிகாரி, மே 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். விதிமீறலை ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, இடிக்கும் பொறுப்பை மட்டும் கீழ்நிலை அதிகாரியின் தலையில் சுமத்தினால் என்ன நேரும் என்பதற்குக் கசௌலி சாட்சி.

சிம்லாவுக்கான 2041ஆம் ஆண்டு வரையிலான வளர்ச்சித் திட்டத்தை மாநில அரசு 2023 ஜூனில் இறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று சம்மர் ஹில் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவு சிவன் கோயில் ஒன்றை அடித்துச் சென்றதில் 20 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை ரத்து செய்து, வளர்ச்சித் திட்டத்தைச் செயல்படுத்த அனுமதி அளித்தது. நகர வளர்ச்சித் திட்டம் வகுப்பது சட்டமியற்றும் தன்மை கொண்ட பணி. அது எப்படி அமைய வேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டப்படி இது சரியான நிலைப்பாடு. ஆனால் இதன் பொருள், இனி அரசுகள் தீர்ப்பாயத்தைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது என்பதுதான்.

அதிகாரம் எங்கே? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள மூன்று பட்டியல்களிலும் சுற்றுலா என்ற தலைப்பு தனியாக இடம்பெறவில்லை. நிலம், தண்ணீர், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய பட்டியலில் உள்ளன. மத்திய அரசு சாலையை அகலப்படுத்துகிறது. மாநில அரசு விடுதிகளுக்கு அனுமதி அளிக்கிறது. குடிநீரும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பாகின்றன. அகலமான சாலையில் வரும் வாகனங்களை அந்த ஊர் தாங்குமா என்று இம்மூன்று அமைப்புகளும் ஒன்றாக அமர்ந்து கணக்கிடச் சட்டபூர்வமான ஏற்பாடு எதுவும் வகுக்கப்படவில்லை.

நிதிப் பகிர்விலும் இதே முரண்பாடு உள்ளது. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது மக்கள்தொகைக்கு 90 சதவீதமும் பரப்பளவுக்கு 10 சதவீதமும் மதிப்பளித்தது. மக்கள்தொகை என்பது 2011 கணக்கெடுப்பில் பதிவான குடிமக்களின் எண்ணிக்கை. சுமார் 69 லட்சம் பேர் வசிக்கும் இமாசலத்துக்கு 2019இல் வந்த பயணிகள் 1.7 கோடிக்கும் அதிகம். அவர்கள் பயன்படுத்தும் தண்ணீரும் விட்டுச் செல்லும் குப்பையும் அந்த 90 சதவீதக் கணக்கில் வரவில்லை. பயணிகளின் வரவு கூடினால் விடுதி வருமானமும் வரி வருவாயும் கூடும் என்பதால், பணத்தட்டுப்பாடு உள்ள மலை மாநிலங்கள் எண்ணிக்கையைக் குறைக்கத் துணிவதில்லை.

மலைநகரங்களின் தாங்கும் திறனைக் கணக்கிட வேண்டும் என்ற யோசனை கோப்புகளில் பலமுறை இடம்பெற்றுவிட்டது. மத்திய அரசு 2020 ஜனவரியில் இதற்கான வழிகாட்டு நெறிகளை இமயமலைப் பகுதியின் 13 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் அனுப்பியது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தபோதுதான், ஆய்வுகளை மதிப்பிட ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைக்கலாம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அறிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஜோஷிமட் உதாரணம். அங்கு கனரகக் கட்டுமானங்கள் கூடாது என்று 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் அந்த ஊரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது.

கட்டுப்பாடுகளின் அனுபவம்: எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதம் சரியல்ல. ரோதங் கணவாயில் வாகனப் புகையால் பனி கறுப்பதைக் கண்ட பசுமைத் தீர்ப்பாயம், நாள்தோறும் அங்கு செல்லும் வாகனங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. அது அனுமதிச்சீட்டு முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும், கூட்டம் மறுபுறத்தில் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் கதவை மூடினால் நெரிசல் பக்கத்து ஊருக்குப் போகும்.

தமிழகத்திலும் நீதிமன்றமே முன்கை எடுத்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. பிழைப்பு கெடும் என்று அஞ்சிய வணிகர்கள் நீலகிரியில் கடையடைப்பு நடத்தினர். அவர்களது அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. வாகன ஓட்டிகள், குதிரைக்காரர்கள், சிறு உணவகம் நடத்துவோர் ஆகியோருக்கு இரண்டு மாத வருமானமே ஆண்டு முழுவதற்குமான கையிருப்பு. இவர்களை அழைத்துப் பேசி, இழப்பை ஈடுகட்டி, படிப்படியாக வரம்பை அமல்படுத்துவது நீதிமன்றத்தால் இயலாத காரியம். அது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு செய்ய வேண்டிய வேலை.

வழி இருக்கிறது: இதற்குத் தேவையான சட்ட ஆயுதம் மத்திய அரசிடம் ஏற்கெனவே உள்ளது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2001இல் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர்-பஞ்ச்கனி, 2003இல் மாதேரான், 2009இல் ராஜஸ்தானின் மவுண்ட் அபு ஆகியவை சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மாதேரானுக்குள் தனியார் மோட்டார் வாகனங்கள் நுழைய முடியாது. பயணிகள் ஊருக்கு வெளியே வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்தோ குதிரையிலோ செல்கின்றனர். அங்கும் குறை இல்லாமல் இல்லை. மனிதர்கள் இழுக்கும் ரிக்‌ஷாக்கள் அங்கு நீடித்ததைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், ஆறு மாதங்களுக்குள் அவற்றை ஒழிக்குமாறு 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. வாகனத் தடையோடு தொழிலாளர்களின் மறுவாழ்வையும் சேர்த்துத் திட்டமிடாததன் விளைவு அது. ஆயினும், வாகனத்தை வெளியே நிறுத்தச் சொன்னதால் அந்த ஊரின் சுற்றுலா அழிந்துவிடவில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு, மாநிலங்களுடன் சேர்ந்து 50 முன்னணி சுற்றுலாத் தலங்களை மேம்படுத்துவதாக அறிவித்தது. மலைநகரங்களுக்கு இத்தகைய நிதியை ஒதுக்கும்போது, தாங்கும் திறன் குறித்த ஆய்வை முடித்து அதை நகரத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க மத்திய அரசுக்குத் தடையேதும் இல்லை. பயணிகளின் சுமையைக் கணக்கில் கொண்டு உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் நிதி வழங்கினால், கூட்டத்தைக் குறைத்தால் வருவாய் போய்விடுமே என்ற மாநிலங்களின் அச்சமும் தணியும்.

நாடாளுமன்றத்தில் நிலச்சரிவுகளுக்குப் பின் இரங்கலும் நிவாரண அறிவிப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன. மலைநகரங்களின் தாங்கும் திறனைச் சட்டபூர்வமாக நிர்ணயிக்கும் மசோதாவும் அதே அவைகளில் விவாதத்துக்கு வர வேண்டும். நகரத் திட்டம் சட்டமியற்றுவோரின் பணி என்று உச்ச நீதிமன்றமே 2024இல் கூறிவிட்டது. அந்தப் பணியைச் செய்யாமல் ஒவ்வொரு பருவமழையையும் கடத்தினால், அதற்கான விலையை உயிராகவும் வீடாகவும் கொடுக்கப் போகிறவர்கள் மலைச்சரிவில் வாழும் மக்களே.