“அந்த வயது அப்படித்தான்!”

நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நாள்தோறும் ஒலிக்கின்ற தீர்ப்பு ஒன்று உண்டு. 45 வயதைக் கடந்த பெண்ணொருத்தி இரவெல்லாம் உறக்கமின்றிக் கண் சிவந்து நின்றாலும், மின்விசிறியின் கீழேயே வியர்த்து முகம் துடைத்தாலும், கையில் பிடித்திருக்கும் சாவியையே தேடித் திரிந்தாலும், அவளைக் குறித்து மூன்றே சொற்களில் அத்தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: “அந்த வயது அப்படித்தான்!” மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு இது. கேட்பதற்குப் பரிவுபோலத் தோன்றும். உண்மையிலோ அது ஒரு கதவடைப்பு. அதற்குப் பின் அவளிடம் எவரும் எதையும் கேட்பதில்லை; அவளும் எவரிடமும் எதையும் சொல்வதில்லை. இத்தீர்ப்பை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எழுத எனக்கு உரிமை உண்டு. என்மீதும் அது எழுதப்பட்டது. பாளையங்கோட்டைப் பகுதியில் அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் 25 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். அவற்றுள் இறுதி 6 ஆண்டுகள் தலைமையாசிரியை. தேர்ச்சி விழுக்காடு, ஆய்வு அலுவலரின் வருகை, நிரப்பப்படாத பணியிடங்கள், பெற்றோரின் முறையீடுகள் ஆகியவை ஒருபுறம். வீட்டில் படுக்கையில் கிடந்த மாமியார் மறுபுறம். ஒருநாள் காலை வணக்கக் கூட்டத்தில், ஆறாண்டுகள் என் கண்முன் வளர்ந்த மாணவியைச் செய்தி வாசிக்க அழைக்க வேண்டும். அவள் பெயர் என் நாவில் வரவில்லை. முந்நூறு பிள்ளைகள் பார்த்திருக்க, ஒலிபெருக்கியின் முன் ஊமையாக நின்றேன். அன்று மாலை அறிவியல் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தாளாளர் கனிவாகவே பேசினார். “உங்களுக்கும் வயதாகிறது டீச்சர். வீட்டைக் கவனித்துக்கொண்டு ஓய்வாக இருங்கள்” என்றார். ஒழுங்கின்றி வந்த மிகு உதிரப்போக்குக்காக நான் பார்த்த மருத்துவரோ, ஐந்தே நிமிடத்தில், “இனி எதற்கு அது? எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்றார். ஒருவர் என் பணியை எடுத்துவிடச் சொன்னார். மற்றவர் என் கருப்பையை எடுத்துவிடச் சொன்னார். இருவருமே எனக்கு என்ன நேர்கிறது என்று கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு, 49ஆம் வயதில், விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

அந்த வினாவைக் கேட்டவர் எங்கள் தெருவில் குடியிருந்த, அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அக்கா ஒருவர். “டீச்சர், ராத்திரி நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு?” அவ்வளவுதான். இரண்டாண்டுகளில் என்னை எவரும் கேட்டிராத கேள்வி! நான் பேசத் தொடங்கினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, உறக்கம், வியர்வை, உதிரப்போக்கு, மனநிலை ஆகியவற்றை நாள்தோறும் குறிக்கச் சொன்னார். இரத்தம் பரிசோதிக்கச் செய்தார். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இருந்தன. இரு மாதக் குறிப்புகளோடு பொறுமையுள்ள வேறொரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். என் கருப்பை என்னிடமே இருந்தது. மருந்தால் உடல் தேறியது. கேட்கப்பட்டதால் உள்ளம் தேறியது.

அன்பு வாசகரே, எனக்கு நேர்ந்தது என்ன? இரண்டு நெருப்புகள் ஒரே வேளையில் பற்றியிருந்தன. ஒன்று, பணி எரித்த நெருப்பு. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவகம் ஒன்றில் தொண்டாற்றிய உளவியலாளர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974இல் இந்நிலைக்கு ‘எரிந்து தீர்தல்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் கண்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். பணியில் தம்மையே கரைத்துக்கொண்டவர்கள். அவரும் அவர்களுள் ஒருவர். 2019இல் உலக நலவாழ்வு நிறுவனமும் இதனை நோய் என்று கூறாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியின்மீது கசப்பு, செயல்திறன் குன்றுதல் என்பன அதன் மூன்று அடையாளங்கள்.

மற்றொன்று, உடல் தன் பருவத்தை மாற்றிக்கொள்ளும் காலம். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் அது நின்றுவிட்டது என்பர் மருத்துவர். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் ஏறி இறங்கித் தடுமாறத் தொடங்கிவிடுகிறது. உடல் வெப்பம், இரவு வியர்வை, உறக்கமின்மை, மறதி, மூட்டுவலி, காரணமற்ற கலக்கம் எல்லாம் அத்தடுமாற்றத்தின் பிள்ளைகள். பெண் தன் பணியில் உயர்பொறுப்பை எட்டும் அதே ஆண்டுகளில், பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் முதுமையும் அவள் தோளில் ஏறும் அதே ஆண்டுகளில், இதுவும் வருகிறது. இரண்டு நெருப்புகளையும் பிரித்தறியாமல் ‘வயது’ என்ற ஒரே சாம்பலால் மூடிவிடுகிறோம். பணிச்சுமையைக் குறைக்க வேண்டிய இடத்தில் மாத்திரை கொடுக்கிறோம். மருத்துவம் தேவைப்படும் இடத்தில் “பொறுத்துக்கொள்” என்கிறோம்.

“எங்கள் பாட்டிமார் இதையெல்லாம் பேசினார்களா? அவர்கள் வாழவில்லையா?” என்று கேட்போர் உளர். பேசவில்லை என்பது உண்மைதான். பேசாதது துன்பம் இல்லாமையாலா, கேட்கும் செவி இல்லாமையாலா? “கிழவிக்குக் கிறுக்கு” என்று திண்ணையில் ஒதுக்கப்பட்ட பாட்டிமாரை நம் குடும்பங்களிலேயே எண்ணிப் பாருங்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70ஐ எட்டியிருக்கிறது. குழந்தைச் சாவு குறைந்தது இதற்குப் பெருங்காரணம் என்றாலும், நெடுங்காலம் வாழும் பெண்கள் பெருகியிருப்பதும் உண்மையே. மேலைநாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் நிற்கும் மாதவிடாய், நம் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. வாழ்நாளில் மூன்றிலொரு பங்கு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. அதனை எஞ்சிய நாள்கள் என்று எழுதித் தள்ளிவிடலாமா?

“இது மேலைநாட்டுப் பெண்களின் ஆடம்பரக் கவலை” என்பது அடுத்த வாதம். அவர்களை மராட்டியத்தின் பீட் மாவட்டத்திற்கு அழைக்கிறேன். கரும்பு வெட்டச் செல்லும் பெண்களை 2019இல் அம்மாநிலத்தில் அமைக்கப்பட்ட குழு கணக்கெடுத்தபோது, 80,000க்கும் மேற்பட்டோரில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிடில் கூலியில் பிடித்தம். வலி என்று மருத்துவரிடம் போனால் அறுவை. நாட்டின் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100க்கு 3 பேருக்கு மேல் கருப்பை அகற்றப்பட்டிருப்பதை 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. தேவையற்ற இவ்வறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்று நடத்த வேண்டுமென 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சினைப்பைகளும் சேர்த்து அகற்றப்பட்டால், இளம்பெண்ணும் ஒரே நாளில் மாதவிடாய் நின்றவளாகிறாள். எலும்பும் இதயமும் முன்கூட்டியே நலியத் தொடங்குகின்றன. இதுவா ஆடம்பரம்? அறியாமையின் விலையை ஏழைப் பெண்ணே முதலில் செலுத்துகிறாள்.

“மருத்துவர் இருக்க, வழிகாட்டி எதற்கு?” என்பது மூன்றாவது வாதம். இதில் நியாயம் உண்டு. ஆகவே பொறுமையாக விடையளிக்கிறேன். மருத்துவ உலகமே இதில் இரு எல்லைகளுக்கும் ஓடியிருக்கிறது. 1966இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சன், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய் என்றும், வாழ்நாளெல்லாம் சுரப்புநீர் மருந்து உண்டால் பெண்மை அழியாது என்றும் நூல் எழுதிப் புகழ்பெற்றார். மருந்து நிறுவனங்களின் பணம் அவருக்குப் பின்னிருந்தது பிற்காலத்தில் தெரியவந்தது. பின்னர் 2002இல், 16,608 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று, மார்பகப் புற்றுநோய் முதலிய இடர்கள் மிகுந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 10,000 பேரில் கூடுதலாக 8 பேர் என்பதே அம்மார்பகப் புற்றுநோயின் மிகுதி. ஆய்வுக்குட்பட்டோரின் சராசரி வயது 63 என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். 60 வயதுக்குட்பட்ட, வேறு தடைகள் இல்லாத பெண்களுக்குத் தொல்லை கடுமையாக இருப்பின் நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவத் தெளிவு. ஒருத்திக்கு அது ஏற்றதா என்பதை மருத்துவரே கூற வேண்டும். ஆனால் அம்மருத்துவரிடம் போகலாம் என்று அவளுக்குச் சொல்பவர் யார்? எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று துணிவூட்டுபவர் யார்? அந்த இடைவெளியில் நிற்பவரே வழித்துணை.

இங்கே என் தரப்பினரையும் கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்துணை ஒரு தொழிலாகப் பெருகியுள்ளது; அதன் சாயல் நம் நகரங்களிலும் வந்துவிட்டது. அப்பெயரைச் சூட்டிக்கொள்ள உரிமம் எதுவும் வேண்டியதில்லை. சில வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ், பிறகு கட்டணம், பொடி, மாத்திரை! பெண்ணின் மௌனத்தை உடைப்பதாகச் சொல்லி அவள் பணப்பையை உடைப்பவர் வழித்துணை அல்லர், வழிப்பறிக்காரர். உண்மையான வழித்துணை மருந்து விற்கமாட்டார். நோயைத் தாமே கணிக்கமாட்டார். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும், “இது சாதாரணம்” என்னாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புவார். அது புற்றுநோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். தம் எல்லையை அறிந்தவரே துணையாக இருக்கத் தகுந்தவர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வழித்துணை என்பது பணியிடத்தின் அநீதிக்கு ஒட்டுப்போடும் வேலை ஆகிவிடக்கூடாது. எரிந்துபோன ஆசிரியைக்கு ஆறுதல் கூறி, மீண்டும் அதே அடுப்பில் வைப்பதா தொண்டு? இங்கிலாந்து நாடாளுமன்றக் குழு ஒன்று 2022இல், மாதவிடாய் நிறைவுக்கான விடுப்பை வெள்ளோட்டமாக நடத்திப் பார்க்கவும், இக்காரணத்தால் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தால் தடுக்கவும் பரிந்துரைத்தது. 2023 சனவரியில் அந்நாட்டு அரசு இரண்டையும் மறுத்துவிட்டது. நம் நாட்டின் 1961ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது, மகிழ்ச்சியே. ஆனால் பிள்ளைபெறும் பருவம் முடிந்தபின் பெண்ணுக்கு உடலே இல்லை என்பதுபோல, இப்பருவத்தைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இருந்ததில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பெண்களின் உழைப்பில் நிற்கும் நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நாளையே செய்யத்தக்கவை உள்ளன. காற்றோட்டமான ஓய்வறை, தூய கழிவறை, இடைவேளையில் உண்மையான இடைவேளை, உறங்காத இரவுக்குப் பின் இரண்டு பாடவேளை தளர்வு, இரவுப்பணியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வாசலில் 45 வயதுப் பெண்ணிடம், “ராத்திரி தூக்கம் வருதா அக்கா?” என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கலாகாதா?

என் கதையை முடித்துவிடுகிறேன். உடல் தேறிய பின் பழைய நாற்காலிக்கு ஏங்கினேன் என்பதை மறைக்கவில்லை. பெயர்ப்பலகையும் அழைப்பு மணியும் இல்லாத நான் யார் என்ற கேள்வி, வியர்வையைவிட மிகுதியாக என்னை இரவில் எழுப்பியது. 2018இல் செவிலிய அக்காவும் நானும் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் பெண்களை அழைத்துப் பேசத் தொடங்கினோம். முதல் வாரம் வந்தவர்கள் நால்வர்: சத்துணவு அமைப்பாளர், துணிக்கடை ஊழியர், பீடி சுற்றும் தாய், கல்லூரிப் பேராசிரியை. முதல் அரைமணி நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பீடி சுற்றும் அம்மாதான் தொடங்கினார்: “எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நினைச்சேன்.” மற்ற மூவரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள். அந்நொடியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஊதியமில்லா வேலை, ஆனால் என் 25 ஆண்டுப் பணியில் நான் கற்பித்தவற்றுள் எதற்கும் குறையாத வேலை.

இயற்கையில், பிள்ளைப்பேறு முடிந்தபின்னும் நெடுங்காலம் வாழும் உயிரினங்கள் மிகச் சிலவே. மனிதப் பெண்ணும் சில திமிங்கில இனங்களும் அவற்றுள் அடங்கும். தான்சானியாவின் ஆட்சா மக்களிடையே ஆய்ந்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஆக்ஸ், பாட்டிமார் கிழங்கு தோண்டி ஊட்டியதால் பேரப்பிள்ளைகள் தழைத்ததைக் கண்டு, முதிய பெண்ணின் நீண்ட ஆயுள் குலத்தைக் காக்கவே வந்தது என்னும் கருத்தை முன்வைத்தார். இது கருதுகோளே, எனினும் எண்ணத்தக்கது. வற்றிப்போனவள் என்று நாம் ஒதுக்கும் பெண்ணை நம்பித்தான் மானிடம் பிழைத்ததோ?

ஆதலால், வாசகரே, இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் மனைவியை, அன்னையை, அக்காளை, உடன் பணிபுரியும் சகோதரியைச் சற்று நோக்குங்கள். அந்தப் பழைய மூன்று சொற்கள் உங்கள் நாவில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். அவற்றுக்குப் பதிலாக, “நன்றாகத் தூங்கினாயா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை எழுந்து போகாதீர்கள்.