எளிய காமிராவும் கலைக் கண்ணும்

நிழற்படக் கலை செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுளது. அவ்வெண்ணம் பிழையென்பதே ஈண்டு நாம் கூறப் புகுவது.

1888-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஈஸ்ட்மன் விற்ற முதற் கோடக் காமிராவின் விலை 25 டாலர். 1900-இல் அவர் கம்பெனியார் வெளியிட்ட பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் காமிராவின் விலையோ ஒரே டாலர். அன்று முதல் இக்கலை சிறுவர் கைக்கும் எட்டியது. நம் நாட்டிலும் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தார் ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய காமிராவைச் செய்து விற்றனர். பிலிம் சுருள் ஒன்றுக்குப் படங்கள் 12. நம் இல்லங்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுட் பல இத்தகைய பெட்டிகள் ஈந்தனவே.

காமிராவின் பெருமை அதனைக் கையாள்வோன் கண்ணில் உளது என்பதற்கு மா. கிருஷ்ணன் (1912–1996) தக்க சான்று. இவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். வெவ்வேறு கம்பெனிகளின் உறுப்புக்களை ஒட்டிச் சேர்த்த காமிராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என நகைச்சுவையாகப் பெயரிட்டு, அதனாற் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிற் படம் பிடித்தார். பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

கைப்பேசி இருக்கப் பழம் பெட்டி எதற்கு என்று சிலர் வினவலாம். கைப்பேசியில் நூறு படம் எடுக்கிறோம். ஒன்றையேனும் மீண்டும் பார்க்கின்றோமா? பன்னிரண்டே படம் என்னும் வரம்பு, எடுக்குமுன் நோக்கவும் காத்திருக்கவும் கற்பிக்கிறது. வாடிப்பட்டி மேளத்தையே எடுத்துக்கொள்வோம். மெதுவாய்த் திறந்து மூடும் எளிய ஷட்டரில், கோல் வீசும் கை மங்கலாகும். ஓங்கிய கை நொடிப்பொழுது நிற்கும் தருணத்தை அறிந்து விசையை அழுத்தினால்தான் படம் தெளியும். அத்தருணத்தை அறிய மேளத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமன்றோ? பெரியாற்றுக் கால்வாய்க் கரையில் நாற்று நடுவோரின் முகமும் அவ்வாறே பொறுமையோடு பார்ப்பவனுக்கே புலப்படும்.

இன்று பழங்காமிரா மலிவு, பிலிமோ மலிவன்று. உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் வழியுண்டு. 35 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைப் பிலிமை 100 அடிச் சுருளாக வாங்கி வெட்டினால், 36 படம் கொள்ளும் சுருள்கள் ஏறக்குறைய 18 கிடைக்கும். பதினெண்மர் கூடிச் செலவைப் பகிர்ந்தால் ஒருவர் பங்கு சிறிதாகும். ரசாயனப் பகுதியில் ஓர் அறையை இருட்டறையாக்கக் கல்லூரி இசைந்தால், பிலிமைக் கழுவும் கூலியும் மிஞ்சும், பாடமும் விளங்கும்.

மாணவ நண்பர்காள்! உங்கள் வீட்டுப் பரணில் உறங்கும் காமிராவை இறக்குங்கள். லென்ஸிற் பூஞ்சை படர்ந்துளதா, ஷட்டர் சிக்கின்றித் திறக்கின்றதா என்று நோக்குங்கள். நம் ஊர் வயலும் தெருவும் நாளுக்கு நாள் மாறி வருகின்றன. அவற்றை நம்மையன்றி வேறு யார் படமெடுத்து வைப்பர்?