காகிதத்தில் ஓடும் ரயில்

சென்ற ஞாயிறன்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக் கொண்டார். அவருடைய மகள் மானசகங்கோத்ரியில் ஆராய்ச்சி மாணவி. "குடுவையும் இல்லை, அடுப்பும் இல்லை. நாள் முழுதும் கம்ப்யூட்டரில் ஏதோ புரத உருவம் சுழல்கிறது. இதற்காகவா ஸார் கலியாணத்தை இரண்டு வருஷம் தள்ளி வைத்தேன்?" என்றார்.

நான் மெட்ரிகுலேஷன் தேறியவன், விஞ்ஞானி அல்லன். ஆயினும் ரயில்வேக்காரனுக்கு இது விளங்காத விஷயமன்று. கால அட்டவணை தயாரிப்போர் கட்டக் காகிதத்தில் ஒவ்வொரு வண்டியையும் ஒரு கோடாக வரைவர். ஒற்றைப் பாதையில் எதிரெதிர்க் கோடுகள் நிலையத்துக்கு வெளியே வெட்டிக் கொண்டால் அந்த நேரம் கூடாது. ஒரு வண்டியும் புறப்படாமலே விபத்து தெரிந்து விடுகிறது!

இவ்வண்ணமே புரதத்தை வைத்துச் செய்தவர் ஜி. என். ராமச்சந்திரன். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன், மூன்று புரியாய் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கூறினர். அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று இங்கிலாந்தில் கிரிக் முதலியோர் ஆட்சேபித்தனர். அந்த ஆட்சேபணை வீண் போகவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அமைப்பு அறியப்பட்ட படிகங்களிலிருந்து ராமச்சந்திரன் திரட்டினார். பின்னர் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியை இரண்டு கோணங்களில் படிப்படியாகத் திருப்பி, எங்கே அணுவும் அணுவும் மோதும் என்று கணக்கிட்டார். கம்ப்யூட்டர் ஏது? மேசைக் கணக்கியந்திரந்தான். 1963இல் வெளிவந்த அந்த வரைபடத்தில் பெரும்பகுதி 'கூடாத' இடமே.

ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான் 1964இல் அமெரிக்காவில், திரவ ஆர்கனின் 864 அணுக்கள் நகர்வதைக் கம்ப்யூட்டரிலேயே கணக்கிட்டார். இன்று அந்த வழி பெருகிவிட்டது. எக்ஸ் கதிரால் கண்ட புரத அமைப்பாயினும், கம்ப்யூட்டர் ஊகித்ததாயினும், ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் உண்டு. ஓட்ட நேரத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்தாலும் கோடு அழகாகவே விழும். வண்டிதான் வெளி ஸிக்னலில் நிற்கும். அணுக்களின் இடைவெளியும் அப்படியே. அதை இயற்கையிலிருந்தே அளந்து தரவேண்டும்.

"அப்படியானால் குடுவை?" என்றார் அன்பர்.

"கணக்கில் தேறியதைக் குடுவையில் பார்ப்பார்கள். தேறாததற்குப் பொருள் செலவழிக்க வேண்டாமல்லவா?"

சற்று யோசித்தார். "அந்த வரைபடத்தை எனக்கும் காட்டச் சொல்லவேண்டும்" என்று எழுந்தார். கலியாணப் பேச்சை அன்று மறுபடி எடுக்கவில்லை.