'வயசானா அப்படித்தான்' என்கிற பொய்

நமது சிறுகதைகளில் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி நிச்சயம் இருப்பாள். லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பாள், பால்மரம் சீவிய காலத்தை நினைப்பாள், கடைசிப் பத்தியில் செத்துப்போவாள். ராத்திரி தூங்கினாயா, சோறு இறங்குதா என்று எந்தக் கதாசிரியரும் அவளைக் கேட்பதில்லை. அவளுடைய சோகம் நமக்கு அழகாகத் தெரிகிறது. என் சண்டை அந்த அழகோடுதான்.

2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 11.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம். நான்கில் ஒருவருக்கு மேல் இனிப்புநீர். ஒன்று இன்னொன்றை இழுத்துவரும். மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார், நடக்கமாட்டார், சர்க்கரை ஏறும். கால் புண் ஆறாது, வீட்டோடு முடங்குவார், மனம் இன்னும் சோரும்.

கிளினிக்கில் இது பிடிபடுவதும் கஷ்டம். 'மனச்சோர்வு' என்ற சொல்லே பாட்டிகளிடம் இல்லை. "முட்டி வலிக்குது, தூக்கம் வர்ல, ஒண்ணும் புடிக்கல" என்பார்கள். முட்டிக்கு மாத்திரை கிடைக்கும். மீதிக்கு, "வயசானா அப்படித்தான்." கிடையாது. மனச்சோர்வு ஒரு நோய். வைத்தியம் உண்டு, 70 வயதிலும் பலன் உண்டு.

முதியோர் மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளில், வெளியே போவதைவிட வீட்டில் இருக்கவே பிடிக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். பெஸ்தாரி ஜெயா பக்கம் (நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பஸ் வராத செம்பனைக்குள் இருப்பவர் என்ன பதில் சொல்வார்? போக வழி இருந்தால்தானே பிடிப்பதும் பிடிக்காததும். நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. நாற்பதில் காத்திருக்கத் தொடங்கியவர் அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் மனசு விட்டுப்போனால் அதற்கும் வயசுதான் காரணமா?

"எழுத்தாளன் என்ன டாக்டரா?" என்பீர்கள். இல்லைதான். ஆனால் அந்த 'அப்படித்தான்'-க்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது நாம்தான். பொறுமை, தியாகம், தாய்மை என்று பெயர் வைத்து நோயை மூடினோம். அடுத்த கதையில் பாட்டியைச் சாகடிக்கும் முன் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். யார் கூட்டிப்போனார், காருக்கு எவ்வளவு ஆனது, அன்றைக்கு யாருடைய சம்பளம் போனது, டாக்டர் எந்த மொழியில் கேட்டார், பாட்டி எதைச் சொல்லாமல் திரும்பினாள்... அதையெல்லாம் எழுதுங்கள்.