ஓய்வும் சிகிச்சையே: சைனஸ் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்

மேல்தாடையில் கடைவாய்ப் பற்களை இழந்தவர்கள் இம்ப்ளாண்ட் பொருத்திக்கொள்ள வரும்போது, எலும்பு போதவில்லை, முதலில் ‘சைனஸ் லிஃப்ட்’ செய்ய வேண்டும் என்று சொல்ல நேர்வதுண்டு. உடனே எழும் கேள்வி, “எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?” என்பதே. எம். புதுப்பட்டியிலும் சுற்றியுள்ள பட்டாசுக் கிராமங்களிலும் நாட்கூலியால் நடக்கும் குடும்பத்தின் கணக்கு முழுவதும் அக்கேள்வியில் அடங்கியுள்ளது. அந்தக் கணக்கை அறுவைக்குப் பின் பார்க்கக் கூடாது. நாள் குறிக்கும் முன்பே மருத்துவரும் நோயாளியும் குடும்பத்தாரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மூக்கின் இருபுறமும், கன்னத்தின் உள்ளே, காற்று நிறைந்த அறை ஒன்று உண்டு. அதுவே மேல்தாடை சைனஸ். பல்லை எடுத்தபின் அவ்விடத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரிகிறது. எஞ்சிய எலும்பு நான்கைந்து மில்லிமீட்டர் அளவாகிவிட்டால் இம்ப்ளாண்டுக்குப் பிடிமானம் போதாது. ஆகவே சைனஸின் அடித்தளத்தை மூடியுள்ள சவ்வை மெல்ல உயர்த்தி, அதன் கீழ் எலும்புத் துகள்களை நிரப்புகிறோம். 1970களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் தொடங்கிவைத்த முறை இது. 1980இல் பாய்ன், ஜேம்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலாயிற்று. நிரப்பிய துகள்கள் நம் எலும்போடு ஒன்றுவதற்கு நான்கு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். அந்தச் சவ்வின் தடிமனோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இவ்வளவு மெல்லிய சவ்வுக்கு முதல் பகை அழுத்தம். மூக்கைச் சிந்தினாலும், தும்மலை அடக்கினாலும், உறிஞ்சுகுழலால் இளநீர் பருகினாலும், பாரம் தூக்கினாலும் சைனஸில் அழுத்தம் ஏறும் அல்லது புண் இழுபடும். தையல் பிரியலாம், துகள்கள் இடம்பெயரலாம், கிருமி தொற்றினால் நிரப்பியது முழுவதையும் எடுத்துவிட நேரலாம். எனவே முதல் இரண்டு வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

“புண் வாய்க்குள்தானே இருக்கிறது, ஆலைத் தூசி என்ன செய்யும்?” என்று கேட்போர் உண்டு. கரித்தூளும் கந்தகமும் அலுமினியத் தூளும் மூக்கை உறுத்தித் தும்மலை வரவழைக்கும். முகக்கவசம் தூசியைக் குறைக்குமே தவிர, வந்த தும்மலின் வேகத்தைக் குறைக்காது. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர் மூன்று நான்கு நாட்களில் திரும்பலாம். மருந்து அறையில் இருப்பவரும் பெட்டி சுமப்பவரும் இரண்டு வாரமேனும் விலகியிருப்பது நல்லது. ஒரே அறுவைதான், தொழிலுக்கேற்ப ஓய்வு மாறுகிறது. ஆதலால் நோயாளியின் தொழிலை மருத்துவர் கேட்டறிய வேண்டும். நோயாளியும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் விடுப்புக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் அறிவோம். பண்டிகை முடிந்தபின் பெரும்பாலான ஆலைகளில் சில காலம் வேலை ஓய்ந்திருக்கும். பல் இழந்து பல மாதங்களோ ஆண்டுகளோ ஆனவருக்கு, இன்னும் சில வாரம் பொறுப்பதால் பெரும் இழப்பு இல்லை. அந்த ஓய்வுக்காலத்திலேயே அறுவையை வைத்துக்கொள்ளலாம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள், தகுதி நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை பெற முடியும். அதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தேவை என்பதால், விடுப்பு எடுக்கும் முன்பே அங்கே விசாரித்துக்கொள்வது நலம்.

வீட்டில் கிடைக்கும் ஓய்வு இன்னும் அரிது. ஆலைக்குப் போகாத பெண் அடுப்பங்கரையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நிற்பார் என்றே குடும்பம் எதிர்பார்க்கிறது. நிறைகுடம் தூக்குவதும், குனிந்து பெருக்குவதும், ஊதாங்குழலால் அடுப்பூதுவதும் இந்நாட்களில் அவருக்கு ஆகாதவை. மிளகாய் வறுக்கும் நெடி அவரை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்குப்பொடியை ஒதுக்கிவையுங்கள். முதல் இரண்டு நாள் கன்னத்தில் ஐஸ் ஒற்றடம் விட்டுவிட்டுக் கொடுக்கலாம். படுக்கும்போது தலை சற்று உயர்ந்திருக்கட்டும். ஆறிய கூழும், குழைந்த பருப்புச் சோறும், இட்லியும் போதும். சாத்தூர்ச் சேவும் மொறுமொறுப்பான எண்ணெய்ப் புரோட்டாவும் காத்திருக்கும். புகையும் புகையிலையும் புண் ஆறுவதைக் கெடுக்கும். தீக்குச்சிகூடக் கொண்டுசெல்ல இயலாத ஆலைக்குள் பகல் முழுதும் பீடியின்றி இருப்பவருக்கு, வீட்டிலும் அவ்வாறு இருக்கும் வலிமை உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மருந்தைப் போன்றே முதன்மையானது.

இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் மிகுந்து தோன்றுவதும், ஓரிரு நாள் மூக்கில் சிறிது இரத்தம் கசிவதும் இயல்பே. இரத்தம் நிற்காமல் வந்தாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும், மூக்கின் வழியே மணல்போன்ற துகள்கள் வந்தாலும், தணிந்த வீக்கம் மீண்டும் எழுந்தாலும் அன்றே வந்துவிடுங்கள்.

அறுவைக்கு ஒப்பமிடும் முன் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நிரப்பப்படும் துகள் சொந்த எலும்பா, மாட்டெலும்பிலிருந்து பெறப்பட்டதா, செயற்கையானதா என்பது ஒன்று. சமய உணர்வு கருதி ஒன்றை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கழற்றி மாட்டும் பல்செட்டோ வேறு வழியோ எனக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. இரண்டு வார ஓய்வுக்கு எவ்வகையிலும் வழியில்லாதவர், இப்போதைக்குப் பல்செட்டோடு இருந்து, வசதிப்படும் காலத்தில் அறுவைக்கு வருவது அறிவுடைய முடிவு. அம்முடிவை நாங்கள் மதிப்போம். ஓய்வை உறுதிசெய்துகொண்டு வருபவருக்கு நாள் குறித்துத் தரக் காத்திருக்கிறோம்.