காந்தம் மட்டும் கையைத் தூக்காது!

உழைப்பாளிக்கு உள்ள சொத்து இரண்டு கைகள்தான். ஆலையில் அறுந்த இழையைப் பிணைப்பதும் கைதான். வயலில் நாற்றை நடுவதும் கைதான். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டால், அந்த வீட்டு அடுப்பும் அத்தோடு அணைந்துவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்து, "தலையில் காந்தம் வைத்தால் கை வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் குடும்பம் என்ன செய்யும்? மாட்டை விற்கும், வட்டிக்குக் கடன் வாங்கும்.

இந்த வைத்தியம் மந்திரமா, விஞ்ஞானமா? விஞ்ஞானம்தான், சந்தேகமில்லை. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் பட்டறையில் தொழில் கற்ற மைக்கேல் ஃபாரடே, காந்த சக்தி மாறும்போது பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831ல் கண்டுபிடித்தார். 1985ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் அதே தத்துவத்தைக் கொண்டு, தலைமேல் கம்பிச்சுருளை வைத்து, மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டினார்கள். கைத் தசை துடித்தது!

மூளையின் இடது பாதி வலது கையை ஆட்டுகிறது. வலது பாதி இடது கையை ஆட்டுகிறது. ஒரு பாதி அடிபட்டால், நல்ல பாதி அதன்மீது ஆதிக்கம் செலுத்தி அதை எழவிடாமல் அமுக்குகிறது என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. ஆகவே நல்ல பாதியை மெதுவான காந்தத் துடிப்பால் அடக்குகிறார்கள்; அல்லது அடிபட்ட பாதியை வேகமான துடிப்பால் எழுப்புகிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், தலைக்குள் உலோகம் வைத்தவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் இந்த யந்திரத்தின் கீழ் உட்காரவே கூடாது.

பலன் உண்டா? ஆரம்ப மாதங்களில் மெதுவான துடிப்பு கைக்கு உதவும் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2020ல் கூறியது. ஆனால் அமெரிக்காவில் 12 மையங்களில் 199 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2018ல் வெளியாயிற்று. சிலருக்கு உண்மைக் காந்தம், மற்றவர்களுக்குப் போலிக் காந்தம். கைப்பயிற்சி மட்டும் எல்லோருக்கும். உண்மைக் காந்தம் பெற்றவர்களில் 100க்கு 67 பேர் முன்னேறினர். போலிக் காந்தம் பெற்றவர்களில் 65 பேர் முன்னேறினர்!

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி. 2006ல் வெளியான இன்னொரு பரிசோதனையும் இதையே காட்டுகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு அசைக்க முடிந்த 222 பேரில் ஒரு பிரிவினருக்கு, நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையையே வேலை வாங்கினார்கள். இரண்டு வாரப் பயிற்சிதான். அதன் பலன் ஒரு வருஷம் கழித்தும் நிலைத்திருந்தது.

"அப்படியானால் வீட்டிலேயே பெண்டாட்டி பிள்ளைகள் பயிற்சி கொடுக்கட்டுமே" என்று சர்க்கார் கைகழுவ முடியுமா? முடியாது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளிடம் அதையும் சோதித்தார்கள். குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பிரிவிலும், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவிலும், 6 மாதத்தில் 100க்கு 47 பேர் இறந்தோ, பிறர் தயவில் வாழும் நிலையிலோ இருந்தனர். முடிவு 2017ல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற நிபுணரின் உழைப்புக்குப் பதிலாகக் குடும்பத்தின் கூலியில்லா உழைப்பை வைத்துச் சரிக்கட்ட முடியாது!

ஆகவே நாம் யந்திரத்தை எதிர்க்கவில்லை. அதைக் காட்டிப் பணம் பறிப்பதையே எதிர்க்கிறோம். பயிற்சியில்லாமல் காந்தம் மட்டும் விற்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். காந்த வைத்தியத்தை நிபுணர்கள் மேலும் ஆராயட்டும்; அதுவும் சர்க்கார் ஆஸ்பத்திரியில், இலவசமாக நடக்கட்டும்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதாக ஏற்றுக்கொண்டது. நல்லது. அது உங்கள் கிராமத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? தாலுகா ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தினமும் உண்டா? ஒவ்வொரு கிளையும் விசாரித்து எழுதட்டும்.

ஆலைத் தோழர்கள் இதையும் மறக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. விதிகளின் நீண்டகால நோய்ப் பட்டியலில் பக்கவாதமும் உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையிலிருந்து, சந்தா நிபந்தனையைப் பூர்த்தி செய்தவருக்கு, கூலியில் 100க்கு 80 பங்கு, இரண்டு வருஷம் வரை கிடைக்கும். கேட்டு வாங்குங்கள்! விவசாயத் தொழிலாளிக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. படுத்த அன்றே கூலி நின்றுவிடுகிறது. அவனுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று ஆலைத் தொழிலாளி குரல் கொடுக்க வேண்டும்.

விழுந்த கையைத் தூக்க நிபுணரின் கை வேண்டும். அந்த நிபுணரை நம் ஊருக்கு வரவழைக்க, நம் எல்லோருடைய கைகளும் சேர்ந்து உயர வேண்டும்!