கரண்ட் போனால் போனும் போச்சு!

2023 டிசம்பர் 17, 18-ல் ஏரல் பஜாருக்குள் தாமிரபரணி புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! ஏரலில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, ஆற்றுப் பாலமும் சேதமாகி ஊரே தீவாகிப் போச்சு. அதற்குப் பிறகும் ஆபீசுக்கு இன்டர்நெட் டெஸ்க் போன் வாங்குகிறவர்கள் ஸ்க்ரீன் கலரா, எத்தனை பட்டன் என்றுதான் கேட்கிறார்கள். கரண்ட் போனால் என்ன ஆகும்? கேட்பதுமில்லை, விற்பவர் சொல்வதுமில்லை.

பழைய செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் வந்தது. ஆபீசில் கரண்ட் போனாலும் மணி அடித்தது. (எக்ஸ்சேஞ்சே முங்கினால் அதுவும் அம்பேல்தான்.) புதுசுக்கோ போன், சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி நாலுக்கும் உள்ளூர்க் கரண்ட் வேணும். ஒன்று அணைந்தாலும் பேச்சு கட்.

உடனே "லைன்ல கோளாறு, ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்ற பல்லவி. என்ன கோளாறு என்று பார்க்க வேண்டாமா? ஸ்க்ரீன் இருட்டாக இருந்தால் பவர் அல்லது கேபிள். ஸ்க்ரீன் எரிந்தும் ரிஜிஸ்டர் ஆகவில்லை என்றால் நெட் அல்லது பாஸ்வேர்டு. ஒருவர் குரல் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ரவுட்டர் செட்டிங். இதில் ரீஸ்டார்ட் எதைத் தீர்க்கும்?

வேடிக்கை என்னவென்றால், லேன் கேபிள் வழியாகவே போனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சும் கிட்டத்தட்ட அதே 48 வோல்ட்தான்! அதையும் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டி, தரையில் போடாமல் உயரத்தில் வைத்தால் சில மணி நேரம் ஓடும். வெள்ளத்துக்கு நாலு நாள் தாங்காது. அதையும் சேர்த்து, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுக்கட்டும் விற்பவர்கள்.